தேடியும் கிடைக்கவில்லையா? தேடும் வழியை மாற்றுங்கள்

நம் குடும்பங்களில் முதுகலையோடு நின்றுவிடாமல் முனைவர் பட்டம் வரை போகும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெண்பிள்ளைகளும் முன்வருகிறார்கள். அவர்களில் சிலர் நம் முன்னோர்களின் வரலாற்றையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மரக்காயர்களின் கடல் வணிகம், அரபுத்தமிழ் நூல்கள், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் வாழ்க்கை என்று ஆசையோடுதான் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முகம் வாடியிருக்கும். "ஹஜ்ரத், எங்க தலைப்புல யாருமே எழுதல. மெட்டீரியல் இல்லாத தலைப்பு வேணாம், மாத்திக்கோன்னு கைடு சொல்லிட்டாங்க" என்பார்கள். எங்கே தேடினாய், என்ன போட்டுத் தேடினாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். ஒரே தளத்தில், ஒரே சொற்றொடரை, ஒரே எழுத்துக்கூட்டலில் தட்டச்சு செய்து பார்த்திருப்பார்கள்.

"யாரும் எழுதவில்லை" என்பதும் "எனக்குக் கிடைக்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, உலகத்து நூலகங்கள் அத்தனையையும் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது, ஒருநாள் மாலை ஒரு கணினியின் முன் நடந்ததைப் பற்றிய செய்தி. இந்த வித்தியாசம் தெரியாததால் நல்ல தலைப்புகள் முளையிலேயே கருகிவிடுகின்றன. "இத்துறையில் இதுவே முதல் ஆய்வு" என்று உண்மையில்லாத ஒரு வாக்கியம் ஆய்வேட்டில் அச்சாகிவிடுவதும் உண்டு. இதெல்லாம் படிக்கிற பிள்ளையின் பாடு என்று பெற்றோர் ஒதுங்கிவிடவும் முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த ஹதீஸ் சரிதானா என்று பார்ப்பதற்கும், சர்க்கரை உள்ள உம்மா ரமளான் நோன்பு வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கப் போகும் முன் நாலு விஷயம் தெரிந்துகொள்வதற்கும் நாம் உட்காருவது அதே தேடல் பெட்டியின் முன்னால்தான்.

கையில் என்ன இருக்கிறது?

மதரஸாவில் 'தக்ரீஜ்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு ஹதீஸ் எந்த மூலநூலில், எந்த ஸனதோடு பதிவாகியிருக்கிறது, அதன் தரம் என்ன என்று கண்டுபிடிக்கும் கலை அது. கணினி வருவதற்கு முன்பே இதற்கான வழிகளை அறிஞர்கள் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டார்கள். டாக்டர் மஹ்மூத் அத்தஹ்ஹான் இந்தக் கலைக்கென்றே எழுதிய நூலில் ஐந்து வழிகளைச் சொல்கிறார். அறிவித்த நபித்தோழரின் பெயர் தெரிந்தால் ஒரு வழி. ஹதீஸின் முதல் சொல் நினைவிருந்தால் ஒரு வழி. நடுவில் வரும் அபூர்வமான ஒரு சொல் மட்டும் நினைவிருந்தால் இன்னொரு வழி. சொல் எதுவும் நினைவில்லை, எதைப் பற்றியது என்று மட்டும் தெரியும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஐந்தாவது, ஹதீஸ் குத்ஸியா, முர்ஸலா என்பது போல அதன் தன்மையை வைத்துத் தேடுவது.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி நூல்கள் இருக்கின்றன. ஹிஜ்ரி 742இல் மறைந்த இமாம் மிஸ்ஸீயின் 'துஹ்ஃபதுல் அஷ்ராஃப்' நபித்தோழர்களின் பெயர் வரிசையில் அமைந்தது. இமாம் சுயூத்தீயின் 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' முதல் சொல்லின் அகரவரிசையில் அமைந்தது. சொல்லை வைத்துத் தேடுவதற்கு, வென்ஸிங்க் என்ற கீழைத்தேயவியல் அறிஞரின் முயற்சியில் தொடங்கி, லெய்டன் நகரில் 1936 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' இருக்கிறது. ஆறு ஸஹீஹ் நூல்களோடு முவத்தா, தாரமீ, முஸ்னத் அஹ்மத் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒன்பது நூல்களுக்கு அது சொல்லடைவு. அதே வென்ஸிங்க்கின் பொருளடைவு நூலை முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ 'மிஃப்தாஹு குனூஸிஸ் ஸுன்னா' என்ற பெயரில் அரபியாக்கினார்.

பின்னாளில் கல்லூரி நூலகத்தில் ஓர் ஆய்வுத் தரவுத்தளத்தின் 'அட்வான்ஸ்டு சர்ச்' பக்கத்தைத் திறந்தபோது எனக்கு அது பழகிய வீடாகவே தெரிந்தது. ஆசிரியர் பெயர், தலைப்பு, சொல், பொருள் தலைப்பு, பிறகு ஆண்டு, மொழி, நூலா கட்டுரையா என்று வடிகட்டும் வசதி. அதே ஐந்து வாசல்கள். மாணவர்கள் செய்யும் பிழை, கையில் எந்தச் சாவி இருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மூன்றாம் வாசலையே தட்டுவது.

ஒரு உதாரணம் பார்ப்போம். சீன தேசம் வரை போயாவது கல்வி தேடச் சொல்லும் பிரபலமான செய்தி ஒன்று பள்ளி ஆண்டுவிழாக்களில் தவறாமல் மேடையேறும். மக்தபா ஷாமிலா போன்ற மென்பொருளில் இதைத் தேட 'இல்ம்' என்ற சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். ஒருவராலும் படித்து முடிக்க முடியாது. சீனாவைக் குறிக்கும் 'ஸீன்' என்ற சொல்லைச் சேர்த்துப் போட்டால் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். ஊரெல்லாம் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு அபூர்வமான சொல்லைப் பிடிக்க வேண்டும் என்பது இதுதான்.

ஆனால் நான் சொன்ன ஒன்பது நூல் சொல்லடைவில் மட்டும் தேடினால் இந்தச் செய்தி கிடைக்காது. காரணம், அந்த ஒன்பது நூல்களில் அது இல்லை. "சொல்லடைவில் இல்லை, ஆகவே உலகத்திலேயே இல்லை" என்று ஒருவர் முடிவு கட்டினால் அது தவறு. இமாம் பைஹகீயின் 'ஷுஅபுல் ஈமான்' நூலில் அனஸ் (ரலி) அவர்களின் பெயரால் அது பதிவாகியிருக்கிறது. "கிடைத்துவிட்டது, ஆகவே சரியானது" என்று முடிவு கட்டினால் அது அதைவிடப் பெரிய தவறு. ஏனெனில் இட்டுக்கட்டப்பட்டவற்றைத் திரட்டிய இப்னுல் ஜவ்ஸீயின் 'அல்மவ்ளூஆத்' நூலிலும் அதே செய்தி நிற்கிறது. தேடும் இடத்தின் எல்லை எதுவரை, கிடைத்ததன் தரம் என்ன என்ற இந்த இரண்டு கேள்விகளும் எந்தத் தரவுத்தளத்துக்கும் பொருந்தும்.

நம் பெயர்களை எத்தனை விதமாக எழுதினார்கள்!

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மரக்காயர் என்ற பெயரை ஆங்கிலத்தில் மரக்காயர், மரைக்காயர், மரக்கார், மரிக்கார் என்று உச்சரிப்புக்கு ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். 'கே' ஒன்றா இரண்டா என்பதில் ஒரு பிரிவு, 'கே' எழுத்துக்குப் பதில் 'சி' எழுத்து வருவதில் இன்னொரு பிரிவு. லப்பை என்பது லெப்பை, லெப்பே, லப்பே என்று மாறும். வெள்ளையர் காலத்து ஆவணங்களில் முதல் எழுத்துக்குப் பின் 'யூ' போட்ட வடிவமும் உண்டு. கணினிக்கு இவையெல்லாம் தனித்தனி மனிதர்கள். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எழுத்துக்கூட்டலோடு முடிவதில்லை, பெயரே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு 'சூலியா' என்று பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்தப் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. இலங்கையில் 'மூர்', நம் வழக்கில் சோனகர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசு அறிக்கைகளில் 'முஹம்மடன்', 'முசல்மான்'. ஊர்களும் அப்படியே. பரங்கிப்பேட்டையைத் தேடுகிறவர் போர்ட்டோ நோவோ என்று தேடாவிட்டால் பாதி வரலாறு போய்விடும். நாகப்பட்டினம் நெகபட்டம் ஆகும். தூத்துக்குடி டூட்டிகோரின் ஆகும்.

'தமிழ் முஸ்லிம்' என்ற இரண்டு சொற்களைத் தலைப்பில் தேடுகிற மாணவிக்கு எதெல்லாம் தப்பிப் போகும் தெரியுமா? சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட, நம் ஊர்களைப் பற்றி விரிவாகப் பேசும் நூலின் தலைப்பில் தமிழ் என்ற சொல்லே இல்லை. துறவிகள், தேவியர், அரசர்கள், தென்னிந்தியச் சமுதாயம் என்றுதான் இருக்கிறது. ரோனிட் ரிச்சி 2011இல் வெளியிட்ட நூல் நம் 'ஆயிர மசலா'வை மலாய், ஜாவா மொழி வடிவங்களோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. அதன் தலைப்பிலும் தமிழ் இல்லை, தெற்காசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான் இருக்கின்றன. ஜெ. ராஜா முகமது அவர்களின் கடல்சார் வரலாற்று நூலில் முன்னால் நிற்கும் சொல் 'கோரமண்டல்'. இந்தத் துறையில் தவிர்க்க முடியாத மூன்று நூல்களில் இரண்டை அந்த இரண்டு சொற்கள் மறைத்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. தேட உட்காரும் முன் ஒரு தாளில், நம் மக்களுக்கு இருந்த எல்லாப் பெயர்களையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களின் எல்லா வடிவங்களையும் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். வணிகம், கப்பல், முத்துக்குளிப்பு என்று விஷயத்துக்கான சொற்களை மூன்றாவது பத்தியில். ஒரு பத்திக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லால் கோத்து அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். 'இதுவோ அதுவோ எதுவானாலும் சரி' என்று பொருள். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் 'ஆண்ட்' போட வேண்டும். 'இதுவும் அதுவும் சேர்ந்தே இருக்க வேண்டும்' என்று பொருள். இரண்டையும் பெரிய எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அடைப்புக்குறியை மறந்தால் கணினி தன் போக்கில் அர்த்தம் செய்துகொள்ளும்.

'நாட்' என்று ஒன்று உண்டு, விலக்குவதற்கு. அதில் எச்சரிக்கை தேவை. இலங்கை வேண்டாம் என்று 'நாட்' போட்டால், காயல்பட்டினத்தையும் கொழும்பையும் ஒப்பிடும் அருமையான கட்டுரையும் சேர்ந்து போய்விடும். என்னைக் கேட்டால் புதிதாகத் தேடுகிறவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சொல்லின் முன்பகுதியை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி போட்டால், அதில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். லப்பைக்கு இது கைகொடுக்கும். மரக்காயருக்கு 'மர்' என்று மூன்று எழுத்தோடு நிறுத்தினால் மார்க்கெட், மேரேஜ், மரைன் எல்லாம் படையெடுத்து வரும். அந்த மாதிரி இடத்தில் ஒவ்வொரு வடிவத்தையும் முழுதாக எழுதி 'ஆர்' போடுவதே சிறந்தது. கூகுள் ஸ்காலரில் இந்த நட்சத்திரம் வேலை செய்யாது, ஜேஸ்டோரில் செய்யும்.

தமிழ் நூல்களை வெளிநாட்டு நூலகங்களில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் நம் 'ச' எழுத்துக்கு ஆங்கில 'சி'தான். ஆகவே சீறாப்புராணத்தை 'எஸ்' எழுத்தில் தேடினால் வராமல் போகலாம். 'சி' எழுத்தில் தேடினால் வரும். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சொல் வேறு, பொருள் வேறு

நோன்பும் சர்க்கரை நோயும் பற்றி மருத்துவ ஆய்வுகளைப் பார்க்க விரும்பினால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் எல்லோருக்கும் இலவசம். அதில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் உள்ளன. அங்கே போய் 'ஷுகர்', 'ரம்ஜான்' என்று நம் வீட்டுப் பேச்சில் தட்டினால் சீனி உணவு பற்றிய கட்டுரைகள்தான் வந்து நிற்கும். மருத்துவர்கள் எழுதும் சொல் 'டயாபிட்டிஸ்'. மாதத்தின் பெயரை உலக அளவில் பெரும்பாலும் 'ரமடான்' என்றே எழுதுகிறார்கள்.

பப்மெட்டின் சிறப்பு வேறு. கட்டுரை எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், அது எதைப் பற்றியது என்று பார்த்து ஒரு நிலையான பொருள் தலைப்பின் கீழ் வைக்கிறார்கள். 'மெஷ்' என்பது அந்தத் தலைப்புகளின் பட்டியலுக்குப் பெயர். உண்ணாநோன்புக்கு ஒரு தலைப்பு உண்டு, இஸ்லாத்திற்கு ஒன்று உண்டு, இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒன்று உண்டு. நாம் சாதாரணமாக ஒரு சொல்லைத் தட்டினால் பப்மெட்டே அதற்குப் பொருத்தமான தலைப்பையும் சேர்த்துத் தேடும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த உதவி நின்றுவிடும். எழுதியது எழுதியபடி மட்டுமே தேடும். எனவே நினைவிருக்கும் ஒரு தலைப்பைத் துல்லியமாகப் பிடிக்க மேற்கோள் குறி நல்லது. ஒரு விஷயத்தைப் பரவலாகத் தெரிந்துகொள்ள அது கூடாது.

நோன்பைப் பற்றி அப்படித் தேடும்போது அகப்படும் ஆய்வுகளில் ஒன்று 'எபிடியார்'. இந்தியா உட்பட 13 நாடுகளில், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்டு 2004இல் வெளியானது. ரமளானில் கடுமையான தாழ்சர்க்கரை அதிகரித்ததை அது பதிவு செய்தது. ஆனால் பழைய ஒரே ஆய்வோடு நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் ஆண்டு வடிகட்டி இருக்கிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் 'டார்' என்ற அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்குப் பிந்தியது. உம்மாவின் மாத்திரை அளவை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்தான். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இந்தத் தேடல் உதவும்.

நூலகப் பட்டியல்களிலும் இதே பொருள் தலைப்பு உண்டு. பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவை முழுதாகத் திறந்து, அதற்கு என்ன பொருள் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைச் சொடுக்கினால் அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்துவிடுவார்கள்.

எந்த இடத்தில் என்ன இருக்கிறது

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் 'ஷோத்கங்கா' இருக்கிறது. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளை அங்கே சொல்லால் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். பல கோப்புகள் பழைய எழுத்துருவில் இருக்கும். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் கிறுக்கல். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, துறையைத் தேர்ந்தெடுத்து, தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஜேஸ்டோர் பழைய ஆய்விதழ்களுக்கு நல்ல இடம்; பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் அதில் இருக்காது. சென்ற வருடம் வந்த கட்டுரை அங்கே இல்லை என்றால் அதில் வியப்பில்லை. இலங்கை முஸ்லிம்களின் நூல்கள், இதழ்களுக்கு 'நூலகம்' என்ற மின்நூலகத்தைப் பாருங்கள். கட்டணம் கேட்கும் கட்டுரைகளுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் கல்லூரிக்கு என்-லிஸ்ட் போன்ற சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் முதலில் கேளுங்கள். பல மாணவர்கள் இந்தக் கணக்கு இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

நல்ல ஒரு கட்டுரை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' என்ற இணைப்பு, அதற்குப் பிறகு அதை எடுத்தாண்டவர்களிடம் முன்னோக்கி அழைத்துச் செல்லும். பெய்லியின் 1989ஆம் ஆண்டு நூலில் தொடங்கி இப்படி நடந்தால், எந்தச் சொல்லும் போடாமலே இந்த நூற்றாண்டின் ஆய்வாளர்களிடம் வந்து சேரலாம். ஸனதைப் பிடித்து நடந்து பழகியவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம்.

இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "இந்தத் தலைப்பில் பத்து ஆய்வுக் கட்டுரை சொல்" என்று கேட்கிறார்கள். அவை ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு அழகாகத் தருகின்றன. அதில் சில உலகத்தில் இல்லாத கட்டுரைகளாக இருக்கும். நம் பாஷையில் சொன்னால் மவ்ளூவு. ஸனது மட்டும் பார்க்க ஜோராக இருக்கும். ஒவ்வொரு தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள், கொடுத்திருக்கும் டி.ஓ.ஐ. எண் அந்தக் கட்டுரைக்குத்தான் போகிறதா என்று திறந்து பாருங்கள். கண்ணால் பார்க்காத கட்டுரையை நூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது. புதிய சொற்களையும் எழுத்துக்கூட்டல் வடிவங்களையும் யோசித்துத் தரச் சொல்லி அந்தச் செயலிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

தேடும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். தேதி, எந்தத் தளம், என்ன சொற்கள், எத்தனை கிடைத்தன, அதில் எத்தனை உதவும் என்று ஒரு வரி போதும். அந்தப் பக்கங்கள் நிரம்பிய பிறகும் ஒரு விஷயம் அகப்படவில்லை என்றால், "இன்னின்ன இடங்களில், இன்னின்ன சொற்களால் தேடினேன், கிடைக்கவில்லை" என்று ஆய்வேட்டில் எழுதலாம். அது உண்மையான வாக்கியம்.

நம் சமுதாயத்தின் பழைய இதழ்கள், மவ்லிது கிதாபுகள், அரபுத்தமிழ்க் கல்லச்சுப் பிரதிகள் பலவும் எந்தத் தரவுத்தளத்திலும் ஏறவில்லை. அவற்றுக்கு சென்னை கன்னிமாரா நூலகத்திற்கும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கும், ஊர்ப் பழைய மதரஸாக்களின் அலமாரிகளுக்கும் நேரில்தான் போக வேண்டும். போகும்போது கணினியில் தயாரித்த அந்தச் சொற்பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அட்டைப் பட்டியலைப் புரட்டும்போதும், நூலகரிடம் விசாரிக்கும்போதும் அதே சொற்கள்தான் தேவைப்படும்.